ஹிம்சைப் பாட்டும் இளநெஞ்சமும்

அரிவாளையும் துப்பாக்கியையும் புகழ்ந்து பாடும் பாட்டு, கேட்கும் சிறுவனை அவற்றை ஏந்தும்படி தூண்டிவிடுமா என்னும் வினாவை, உலகின் பல தேசங்களில் நீதிமன்றங்களும் மனோதத்துவ ஆராய்ச்சிசாலைகளும் நெடுங்காலமாக விசாரித்துவருகின்றன. ஆயினும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நின்று கேட்கும்போது அவ்வினா தனியொரு கனம் பெறுகிறது. சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த நாள்முதல், அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகளையும் அவற்றைச் சார்ந்த சிறு பட்டறைகளையும் நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் முன்பே கலந்து வழங்கிய மண்ணில் வளர்கிறார்கள். தாயும் தகப்பனும் வெவ்வேறு ஷிப்டுக்குப் போகும் வீட்டில், ஐ.டி.ஐ.யிலோ மேல்நிலை வகுப்பிலோ படிக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு மாலை முழுவதும் துணையிருப்பது காதில் மாட்டிய ஹெட்செட்தான். நான்கு மொழிகளின் சினப்பாட்டும் அதன் வழியே அவனை எட்டுகிறது.

கர்நாடக எல்லைக்கு அப்பால், தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கி உழைத்து, 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஜீவனம் இழந்து நின்ற கோலார் தங்கவயல், 2018-லும் 2022-லும் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்.’ படங்களின் கற்பனைக் களமாயிற்று. தமிழ் உள்ளிட்ட ஐந்து மொழிகளில் வெளியான அப்படங்களின் இசையில் உழைத்து மாய்ந்தவனின் துயரத்தைக் காட்டிலும் அடித்து வென்றவனின் ஆர்ப்பரிப்பே ஓங்கி ஒலித்தது. பள்ளி ஆண்டுவிழா மேடைகளிலும் பிறந்தநாள் பேனர்களிலும் இந்த ஆர்ப்பரிப்பு இன்று சகஜமாகிவிட்டது.

ஆராய்ச்சியாளர் கண்டதென்ன? அமெரிக்காவில் கிரெய்க் ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்திய ஐந்து பரிசோதனைகள் 2003-இல் வெளியாயின. வன்முறை வரிகள் கொண்ட பாட்டைக் கேட்டவர்களிடம் அரைகுறையாக எழுதிய சொற்களைப் பூர்த்தி செய்யச் சொன்னபோது, அவர்கள் அடிப்பதும் தாக்குவதுமான சொற்களையே அதிகமாக எழுதினார்கள். நகைச்சுவை கலந்த ஹிம்சைப் பாட்டும் இதே விளைவைத் தந்தது. சினத்தைப் பாட்டில் கொட்டிவிட்டால் மனம் தெளியும் என்ற பழைய நம்பிக்கைக்கு இம்முடிவுகள் ஆதரவு தரவில்லை. ஜெர்மனியில் ஃபிஷரும் கிரைட்டமையரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டைக் கேட்ட ஆண்கள், சோதனையில் உடன் பங்கேற்ற பெண்ணுக்குத் தரவேண்டிய மிளகாய்ச் சாற்றின் அளவைக் கூட்டினார்கள். அதே கிரைட்டமையர் 2009-இல், பரோபகாரத்தைப் பாடும் பாட்டு உதவும் மனோபாவத்தை வளர்ப்பதையும் எடுத்துக்காட்டினார். எனினும் சோதனைச்சாலையில் அளக்கப்பட்டவை அந்தச் சில நிமிஷங்களின் எண்ணமும் உணர்ச்சியும் சிறு செய்கையுமே; அவற்றை ஒருவனது வாழ்நாள் நடத்தைக்கு அளவுகோலாக்குவது நியாயமாகாது.

மறுபக்கத்துச் சான்றுகளும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஷார்மனும் டிங்கிளும் 2015-இல் கண்டபடி, உக்கிரமான மெட்டல் இசையில் பற்றுடைய இளைஞர்கள், கோபமூட்டப்பட்ட பின் அவ்விசையைக் கேட்டபோது கோபம் மிகாமல் ஊக்கமே பெற்றார்கள். மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, கொலையைப் பாடும் இசையின் ரசிகர்களும் கோரக் காட்சியைக் கண்டால் மற்றவர்களைப் போலவே கூர்ந்து உணர்கிறார்கள் என்று தெரிவித்தது.

அரசுகளும் நீதிமன்றங்களும் கையாண்ட வழிகள் பலவிதம். அமெரிக்க செனட் 1985-இல் விசாரணை நடத்தியதன் பின், இசைத்தட்டுகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை ஒட்டும் வழக்கம் பரவியது. நெவாடாவில் இரு வாலிபர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டதற்கு ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் இசைத்தட்டே காரணம் என்று தொடுத்த வழக்கை 1990-இல் நீதிமன்றம் தள்ளியது. பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றம் 2019-இல் மது, போதை, வன்முறை ஆகியவற்றைப் புகழும் பாடல்கள் மேடை நிகழ்ச்சிகளிலும் ஒலிக்கலாகாது என்று உத்தரவிட்டது. பாடகர் சித்து மூஸேவாலா 2022 மே 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பின், அவ்வாண்டு நவம்பரில் பஞ்சாப் அரசு ஆயுதப் புகழ்ச்சிப் பாடல்களுக்குத் தடை விதித்தது. தமிழகத்தில் 2023-இல் ‘லியோ’ படத்தின் ‘நா ரெடி’ பாட்டின் மீது புகார் எழுந்து, தணிக்கை வாரியம் சில வரிகளை நீக்கச் சொன்னது. ஆனால் திரைக்கு வருமுன்பே அப்பாட்டு லட்சோப லட்சம் கைப்பேசிகளை அடைந்திருந்தது. கேட்பொலியாக மட்டும் உலவும் பாட்டுக்குத் தணிக்கை வாரியத்தின் சான்று தேவையே இல்லை.

இத்தனையும் ஆராய்ந்த பின்னும், இம்மாவட்டத்து மண்ணில் கண்கூடாகத் தெரியும் ஒரு சாட்சியத்தை விசாரணையில் சேர்க்காமலிருப்பது குறையாகும். கிருஷ்ணகிரி வட்டாரம் நடுகற்கள் மலிந்தது. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மாண்ட வீரர்களைக் கல்லெடுத்துக் கும்பிட்டது. திரௌபதை அம்மன் கோயில்களில் இன்றளவும் பாரதக் கூத்து விடியவிடிய நடக்கிறது. மார்பு பிளப்பதும் தொடை முறிப்பதும் அதில் பாட்டாகவே வருகின்றன. நம் முன்னோர் ஹிம்சையைப் பாடாதவர் அல்லர். ஆனால் துரியோதனன் படுகளத்தில் மண்ணுருவமாக வீழ்ந்து கிடக்கும்போது, வெற்றி முழக்கத்தோடு ஒப்பாரியும் எழுகிறது. பகைவனே ஆயினும் அவனுக்காக அழும் பெண்ணின் குரலைக் கேட்டுவிட்டே ஊர் வீடு திரும்புகிறது. அதைச் சிறுவன் பாட்டியின் மடியில் சாய்ந்தும், மாமன் தோளில் அமர்ந்தும், ஊரோடு கூடி இருந்தும் கேட்டான். எது தர்மம், எது அதர்மம் என்று அவன் கேட்க, பதில் சொல்லப் பெரியவர்கள் அருகிலிருந்தார்கள்.

இன்றைய சினப்பாட்டில் வெட்டு உண்டு, வெட்டுண்டவன் வீட்டு அழுகை இல்லை. கேட்பவன் உண்டு, கூடக் கேட்பவர் இல்லை. கொடிய சொல்லைக் காட்டிலும் இந்த இரண்டு இழப்புகளே அபாயகரமானவை என்பது என் துணிபு. பாட்டொன்றையே குற்றவாளியாக்குவதும் சரியாகாது. 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி, எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமான கோபத்தில் கோபசந்திரத்தில் இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்துக் கல்லெறிந்தார்களே, அந்தக் கோபத்தின் வேரைப் பாட்டுப்பட்டியலில் தேடுவது வீண். கோபத்துக்கு வாழ்க்கையில் காரணங்கள் உண்டு. பாட்டு அதற்கு ஒரு தோரணையைக் கற்பிக்கிறது. அத்தோரணையைத் தட்டிக்கேட்க ஆளில்லாத இடத்தில் அது சுபாவமாக உறைகிறது.

ஆகவே தடையுத்தரவைவிட, கூடியிருந்து கேட்கும் வழக்கத்தை மீட்பதே உசிதம். பள்ளிகள் தமிழ் வகுப்பில் கூத்து வாத்தியாரை அழைத்துப் படுகளத்தையும் அதன் ஒப்பாரியையும் பாடச் செய்யலாம்; மாணவர் விரும்பும் பாட்டையே வகுப்பில் ஒலிக்கவிட்டு, வெட்டுண்டவனின் தாய் இதைக் கேட்டால் என்ன சொல்லுவாள் என்று விவாதிக்கலாம். பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள தம்பதியர் இருவருக்கும் ஒரே வாரத்தில் இரவு ஷிப்டு விழாதபடி ஆலை நிர்வாகங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடுவதற்கென்று சமாதானப் பாட்டொன்று எழுதியனுப்பினார். பாட்டுக்கு மனிதரை இணக்கும் சக்தி உண்டென்று அவர் நம்பியது மெய்யானால், பிரிக்கும் சக்தியும் அதற்கு உண்டு என்பதை மறுக்கவியலாது. இவ்விரண்டில் எது இளநெஞ்சில் நிலைக்கும் என்பதை நிர்ணயிக்கும் பொறுப்பு, பாடலாசிரியனுக்கு எவ்வளவு உண்டோ, அச்சிறுவனோடு உட்கார்ந்து கேட்க வேண்டிய நமக்கும் அவ்வளவு உண்டு.