கடிதம் எழுதக் கெட்டிக்காரன்

வன்னியில் நோயாளருக்குத் துணைநிற்கும் சிறிய அமைப்புகள் மூன்று மொழிகளில் வேலை செய்கின்றன. வீடுகளுக்குப் போய்வரும் வெளிக்கள உத்தியோகத்தர் தமிழில் குறிப்பெழுதுவார்; கொழும்புச் சுற்றறிக்கை சிங்களத்தில் வரும்; காலாண்டு அறிக்கையை நன்கொடையாளர் ஆங்கிலத்தில் கேட்பார். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்காக மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை போன்ற அமைப்புகள் போருக்குப் பின் உருவானவை. வவுனியாவில் சிறுநீரக நோயாளருக்கு உதவுவோரும் உள்ளனர். இத்தகைய இடங்களில் எழுத்துவேலையைச் செயற்கை நுண்ணறிவு எவ்வளவு குறைக்கும்? சிறிய அலுவலகம் ஒன்றின் பழைய மடிக்கணினியில், இலவசச் செயலிகளை வைத்துப் பார்த்தோம். மதிப்பெண் செயலிக்கு அல்ல, வேலைக்கு.

முன்வேலை

முதல் தடை பாமினி. பல ஆண்டுக் கடிதங்கள் அந்த எழுத்துருவில் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். செயலிக்கு ஒன்றும் விளங்காது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியால் யூனிகோடுக்குக் கொண்டுவந்த பிறகே மற்றதெல்லாம். பழைய கோவைகளில் வேண்டியதைத் தேடி எடுக்க முடிவதே பெரிய ஆறுதல்.

கடிதமும் மொழிபெயர்ப்பும்: 5இல் 4

சக்கர நாற்காலி கேட்டுப் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் என்றால், நொடியில் வரைவு வருகிறது. ஆனால் நடை தமிழ்நாட்டு நடை. அரசாங்க அதிபர் 'மாவட்ட ஆட்சியர்' ஆகிவிடுகிறார். முன்பு அனுப்பிய நல்ல கடிதமொன்றை மாதிரியாகக் கொடுத்தால் திருந்திவிடும். தமிழ்க் குறிப்புகளிலிருந்து ஆங்கில அறிக்கைக்கு முதல் வரைவு எடுப்பதில் இதற்கு நிகரில்லை. சிங்களச் சுற்றறிக்கையைப் படமெடுத்துக் கொடுத்தால் சாரம் கிடைக்கும். திகதியையும் தொகையையும் மூலத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும்.

பேச்சிலிருந்து எழுத்து: 5இல் 2

மேடைத்தமிழ் பிடிபடுகிறது; வன்னிப் பேச்சு சறுக்குகிறது. "படுக்கைப்புண் இன்னும் ஆறேல்லை" என்றதை ஒரு செயலி "ஆறு எல்லை" என்று எழுதியது. நோயாளரின் நிலையையே மாற்றக்கூடிய பிழை இது. ஓப்பன்ஏஐ 2022 செப்டெம்பரில் திறந்த மென்பொருளாக வெளியிட்ட விஸ்பர், இணையமின்றி மடிக்கணினியிலேயே இயங்கும்; ஒலிப்பதிவு அலுவலகத்தைவிட்டு வெளியே போகாது. பழைய கணினி என்றால் பொறுமை வேண்டும்.

பெயரேடு: 5இல் 1

நோயாளர் பெயரேட்டிலுள்ள அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்கச் சொன்னோம். பழைய அட்டையில் முதல் 2 இலக்கங்கள் ஆண்டு. அடுத்த 3, அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூடும். புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டுக்கு 4 இலக்கம். சிக்கல் என்னவென்றால், இந்த எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். செயலி சாதாரண நாட்காட்டிப்படி கணக்கிட்டு, சாதாரண ஆண்டொன்றில் மார்ச் 1இல் பிறந்தவரை மார்ச் 2இல் பிறந்தவராக்கியது. இந்த விதியை வைத்து எக்ஸெல்லில் ஒரு சூத்திரம் எழுதிவிட்டால் போதும்; இணையமும் வேண்டாம்.

அந்த இலக்கமே ஒருவரின் பிறந்த நாளையும் பாலையும் சொல்லிவிடுவதால், பெயரை மட்டும் அழிப்பது பாதுகாப்பல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறு கிராமமொன்றில் நோயும் வயதும் தெரிந்தாலே ஆளும் தெரிந்துவிடும். ஆகவே பெயர், அட்டை இலக்கம், ஊர் மூன்றையும் எடுத்துவிட்டு, தொடர் இலக்கமிட்ட குறிப்பை மட்டுமே செயலிக்குக் கொடுக்கவேண்டும்.

முடிவு

சிறு அலுவலகத்துக்கு இலவசப் பதிப்பே தாராளம். கட்டணம் கட்ட முன் பாமினிக் கோவைகளை மாற்றுங்கள். கடிதம், மொழிபெயர்ப்பு, அறிக்கை வரைவு ஆகியவற்றை நம்பிக் கொடுக்கலாம். பெயரேடும் கணக்கும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இல்லையென்றால், மொழிபெயர்ப்புக்குத் தந்த 4இல் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.