இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன்

தமிழ்நாட்டில் எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போய் "பிடித்ததை வரையுங்கள்" என்று சொன்னாலும், கொஞ்ச நேரத்தில் ஒரே படம் பலர் நோட்டில் வந்து நிற்கும். முக்கோணமாக இரண்டு மலை, நடுவே கதிர் விரிக்கும் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஓலைக் குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் அடித்ததுபோல நாலைந்து பறவை. கீழே "சூரிய உதயம்" என்று தலைப்பும் இருக்கும். சங்கரன்கோவில் பிள்ளைகளும் இதையேதான் வரைகிறார்கள். ஆனால் அந்த ஊருக்கு மலை மேற்கே இருக்கிறது. வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கம் மலைக்குப் பின்னால் சூரியன் அடையத்தான் செய்யும். உதிப்பதெல்லாம் கோவில்பட்டித் திசையில், கரிசல் காட்டுச் சமவெளியில். தினமும் கண்ணெதிரே நடப்பதற்கு நேர்மாறான ஒன்றைக் குழந்தை கொஞ்சமும் தயங்காமல் வரைகிறது. ஆசிரியரும் "வெரிகுட்" போட்டுத் தருகிறார். தொடக்க வகுப்புக் கலைக்கல்வியில் கைக்குக் கொடுக்கும் பயிற்சி கண்ணுக்குக் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆசிரியரைக் குறை சொல்வதற்குமுன் அந்த வகுப்பில் நிற்பவர் யார் என்று பார்த்துவிட வேண்டும். அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஓவிய ஆசிரியர் என்று தனியாக ஒருவர் கிடையாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரை 100 பேருக்கு மேல் படித்தால்தான் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதையொட்டி 2012-இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தது. அவர்கள் இன்னும் பணிநிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கு அந்த அரைகுறை ஏற்பாடும் இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர் என்ற கணக்கில் நடக்கும் பள்ளியில், தமிழும் கணக்கும் நடத்தி, எமிஸ் இணையதளத்தில் பதிவும் ஏற்றிவிட்டு, மிஞ்சும் நேரத்தில் அதே இடைநிலை ஆசிரியர்தான் ஓவியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சிப் படிப்பில் அவர் தயாரித்ததில் பெரும்பகுதி சுவரில் மாட்டும் சார்ட்டும் கற்பித்தல் துணைக்கருவியும்தான். பிள்ளையின் படத்தைப் பார்த்து என்ன கேட்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இவ்வளவுக்கு நடுவிலும் கடந்த இருபது சொச்ச ஆண்டுகளில் வந்த நல்லதை மறைக்கக் கூடாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷி வேலிப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனைகளோடு வகுப்பறையின் உருவத்தையே மாற்றியது. சுவரைச் சுற்றிக் குழந்தையின் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். அதுவரை கரும்பலகை ஆசிரியரின் சொத்து. தரையில் உட்கார்ந்தபடியே சாக்பீஸால் பெரிதாக இழுத்து, பிடிக்காவிட்டால் உள்ளங்கையால் அழித்து, மறுபடி போடும் உரிமை ஏழைப் பிள்ளைக்கு அந்த ஏற்பாட்டில்தான் கிடைத்தது. இன்றும் பல பள்ளிகளில் அந்தப் பலகைகள் இருக்கின்றன. பலவற்றில் திருக்குறளும் எண் வரிசையும் பெயின்டால் எழுதப்பட்டு, பிள்ளைக்கு இடமில்லாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

அடுத்து, விலையில்லாத கிரேயானும் வண்ணப் பென்சிலும். வாங்கித்தர வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. அதே கல்வியாண்டில் பெரிய வகுப்புகளுக்கு ஆரம்பித்த கலைத் திருவிழா, பிறகு தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது.

வண்ணம் கைக்கு வந்துவிட்டது. அதைக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் இன்னும் பயிற்சித்தாள்தான் முடிவு செய்கிறது. 'ஆ' படிக்க ஆடு. ஆட்டின் கோட்டுருவம் அச்சில் இருக்கிறது, உள்ளே நிறம் தீட்டினால் போதும். 7-ஐக் கற்க ஏழு பலூன். எழுத்துக்கும் எண்ணுக்கும் கலை உதவட்டும், தவறில்லை. ஆனால் வாரம் முழுக்க அது உதவிக்கு மட்டுமே வந்து போனால், பிள்ளை கற்றுக்கொள்வது கோட்டைத் தாண்டாமல் இருப்பதை மட்டும்தான். கலைத் திருவிழாவின் சிக்கல் வேறு. போட்டி என்றதும் ஏற்கெனவே நன்றாக வரையும் ஒரு பிள்ளையைத் தேர்ந்து, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடவைத்துத் தயார் செய்கிறார்கள். மற்ற பிள்ளைகள் கைதட்டப் போகிறார்கள்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் வீட்டை வரையும்போது, சுவருக்கு உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிவதுபோல வரையும். விசைத்தறி ஓடும் வீடென்றால், கதவும் ஜன்னலும் ஒருபுறம் இருக்க, சுவரின் மேலேயே தறி நிற்கும். பக்கத்தில் தார் சுற்றும் ஆச்சி தறியைவிடப் பெரிதாக இருப்பாள். பிள்ளைக்கு முக்கியமானது பெரிதாக வந்திருக்கிறது. இந்தப் படத்தை என்ன செய்கிறோம்? "சுவருக்குள்ளே எப்படித் தெரியும்? ஸ்கேல் வைத்துச் சுவரைப் போடு" என்று திருத்துகிறோம். "ஆச்சி கையில் என்ன இருக்கிறது, நூல் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டிருந்தால், பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இன்னும் நாலு கோடு சேர்த்திருக்கும்.

இந்த இடத்தில் கலைக்கல்வி பேசுபவர்கள் வழக்கமாக எடுக்கும் முடிவு, பார்த்து வரைவதையே ஒழிக்க வேண்டும் என்பது. 1947-இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலில் விக்டர் லோவன்ஃபெல்ட் அதற்காகத்தான் வாதிட்டார்: அச்சுப்படத்துக்கு வண்ணம் தீட்டுவது பிள்ளையின் சொந்த மொழியைக் கெடுக்கும் என்றார். அவருக்கு மறுப்பாக, 1970-களில் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும், பிள்ளைகள் பிறர் படங்களிலிருந்து கடன் வாங்கித்தான் வரையவே கற்கிறார்கள் என்று காட்டினார்கள். நான் இதில் முழுக்க லோவன்ஃபெல்ட் பக்கம் நிற்கவில்லை. நம் ஊர் வாசலில் இருக்கும் கோலமே அதற்குக் காரணம். அம்மா போடுவதைப் பார்த்துத்தான் மகள் கற்கிறாள். ஆனால் "ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நாலில் நிறுத்து" என்பது வெறும் படமல்ல, ஒரு விதி. அதைப் பிடித்துக்கொண்டவள், யாரும் சொல்லித்தராமலே ஒன்பதில் தொடங்கி ஐந்தில் நிறுத்திப் பார்ப்பாள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியாலும் அவருடன் பணியாற்றியவர்களாலும் 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கணமாக ஆராய முடிந்தது, அதற்குள் அப்படியொரு விதி இருந்ததால்தான். இரண்டு மலைப் படத்தில் அப்படி எதுவும் இல்லை. அதை நூறு முறை போட்டாலும் நூற்றியோராவது படம் வேறாக வராது. ஆகவே எதைப் பார்த்து வரைகிறோம் என்பதில்தான் கோளாறு. (கோலத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தால் பையன்களையும் உட்காரவைக்க வேண்டும், அதைப் பெண்பிள்ளை வேலை என்று ஒதுக்குவதற்கு ஒரு காரணமும் இல்லை.)

வடிவமைப்பு என்பது பெரிய வகுப்புக்கு உரியது என்ற எண்ணமும் சங்கரன்கோவிலில் நிற்காது. அங்கே கோயிலில் பாம்பு, தேள் முதலிய உருவம் பதித்த வெள்ளித் தகடுகளை வாங்கி உண்டியலில் போடும் நேர்த்திக்கடன் உண்டு. ஒரு தேளைக் கொடுக்கு, வளைந்த வால், சில கால் என்று குறைத்தும், பார்த்ததும் தேள் என்று தெரியும்படி செய்திருக்கும் அந்தத் துண்டுத் தகடு ஒரு முழுப் பாடவேளைக்குப் போதும்.

சங்கரன்கோவில் வீடுகளில் ஓடும் தறி அதைவிட வளமானது. சேலைக் கரையில் ஓடும் பூவைத் தறியில் ஏற்றுமுன் கட்டத்தாளில்தான் போடுகிறார்கள். எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறது, எது காலி என்பதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை விழுகிறது. நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருக்கிறது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் இரண்டே நிறத்தில் ஒரு பூ. அதை மூன்று முறை அடுத்தடுத்துப் போடு. பிறகு நோட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடு, அவன் நாலாவதைத் தொடரட்டும். அவனால் தொடர முடியாவிட்டால் எங்கே குழம்பியது என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். இதில் யாருக்கும் முதல் பரிசு இல்லை. அழகாக வரையத் தெரியாத பிள்ளையும் இதில் நன்றாகச் செய்யும்.

இதற்கு ஒரு கடுமையான எதிர்ப்பு வரும், வர வேண்டியதும்தான். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று இருந்தது. குலக்கல்வித் திட்டம் என்று தமிழ்நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. நெசவு ஊரில் நெசவை வகுப்புக்குக் கொண்டுவருவது அதையே வேறு கதவால் நுழைப்பதாகாதா? கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்திப் போராடும் ஊர் அது. பிள்ளையாவது தறியை விட்டு வெளியே போகட்டும் என்று நினைக்கும் அப்பாவிடம், பள்ளியிலும் கரைப் பூதான் போட்டான் என்று சொன்னால் அவர் கோபப்படுவது நியாயம்.

இந்த ஆபத்து கற்பனையல்ல. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளையை "உனக்குத்தான் தெரியுமே" என்று முன்னே இழுப்பதும், செய்ததைக் கண்காட்சியில் விற்பதும் ஆரம்பித்தால், அந்த எதிர்ப்பு சொன்னது பலித்துவிடும். ஆனால் ராஜாஜியின் திட்டம் வகுப்பு நேரத்தை எடுத்துத் தொழிலுக்குக் கொடுத்தது. இங்கே தொழிலுக்குள் இருக்கும் அறிவை எடுத்து, எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் வகுப்பில் கொடுக்கிறோம். டாக்டர் வீட்டுப் பிள்ளையும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே கட்டத்தாளில் திணறட்டும். தன் அப்பா செய்வதில் இத்தனை யோசனை இருக்கிறது என்று இரண்டாவது பிள்ளைக்குத் தெரிவதால், அது அந்தத் தறியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நடைமுறையில் கேட்பது அதிகமில்லை. ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒன்றிரண்டையாவது பிள்ளைகளின் படங்களை மேசையில் பரப்பிவைத்துப் பேச ஒதுக்கலாம். பக்கத்து நடுநிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியரை அதை நடத்தச் சொல்லலாம், அதற்குரிய ஊதியத்தோடு. வாரத்தில் ஒரு பாடவேளை, வேறு எந்தப் பாடத்துக்கும் கடன் கொடுக்காமல் ஓவியத்துக்கே இருக்க வேண்டும். மதிப்பெண் வேண்டாம், வரைந்ததில் தேதி போட்டு ஒரு பையில் சேர்த்தால் போதும். ஐந்தாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கும்போது அந்தப் பையையும் கொடுத்தனுப்பலாம். ஆறாம் வகுப்பில் அதைப் பிரித்துப் பார்த்து, அங்கிருந்து மேலே கொண்டுபோக முழுநேர ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் இந்தக் கோரிக்கையில் அடங்கியதே.