அரிசியைக் குறைத்ததால் வாய் திறந்ததா?

பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிப்பது பெர்ணம் ஆறு. தென்கரையில் உலு பெர்ணம், வடகரையில் தஞ்சோங் மாலிம். 1952 மார்ச் 25 அன்று, தஞ்சோங் மாலிம் அருகே கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் உடைத்துப்போட்ட தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போனவர்களைப் பதுங்கியிருந்து தாக்கியதில் 12 பேர் மாண்டார்கள். உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர் அவர்களில் ஒருவர். ஜெர்மானியச் சிறை முகாமிலிருந்து, மரக்குதிரையை மறைப்பாக வைத்துச் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் ஒருவராக அவர் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார்.

உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் மலாயாவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊர்ப் பிரமுகர்களைக் கூட்டிவைத்து, தெரிந்ததைச் சொல்லத் துணிவில்லாத கோழைகள் என்று திட்டித் தீர்த்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு. பள்ளிகள் மூடல். அரிசிப் பங்கீட்டில் வெட்டு. பிறகு வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் போனது: தெரிந்ததை எழுதலாம், பெயர் எழுத வேண்டாம். தாள்கள் போடப்பட்ட பூட்டிய பெட்டிகள் கோலாலம்பூர் போய், ஊர்ப் பிரதிநிதிகளின் கண்ணெதிரே திறக்கப்பட்டன. ஏறத்தாழ 40 பேர் கைதானார்கள். சுமார் இரண்டு வாரத்தில் ஊரடங்கு விலகியது.

இது சரியா என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. ஊர் முழுவதையும் தண்டிப்பது அநீதி என்று பிரிட்டனில் குரல்கள் எழுந்தன. மலாயாவில் முன்பு சீனர் விவகார அதிகாரியாக இருந்த விக்டர் பர்சல், டெம்ப்ளரின் ஆட்சிமுறையையே சாடி 1954இல் ஒரு நூல் எழுதினார். ஆதரித்தவர்களிடம் ஒரே பதில்தான்: பலித்ததா இல்லையா?

பலித்தது என்ற வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. கெரில்லாக்கள் பால்மரங்களைக் கொத்திப் பாழாக்கியதும், பேருந்துகளைக் கொளுத்தியதும், வேலைக்குப் போன தொழிலாளியைக் கொன்றதும் கற்பனை இல்லை. உலு சிலாங்கூர்த் தோட்டங்களில் லயத்து வாசலிலேயே அந்தப் பயம் இருந்தது. காட்டுக்கு அரிசி எங்கிருந்து போகிறது என்பது ஊரில் சிலருக்காவது தெரிந்திருக்கும். அவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் தெரிந்தவன் ஏன் சொல்லவில்லை? டெம்ப்ளர் இதைக் கோழைத்தனம் என்றார். எனக்கு அது கணக்காகத்தான் தெரிகிறது. சொன்னால் இரவில் காட்டிலிருந்து ஆள் வரும், சொல்லாவிட்டால் பகலில் போலீஸ் வரும். இரண்டில் எது உயிரை எடுக்கும் என்று பார்த்தே மக்கள் வாயை மூடினார்கள். அதோடு பகலில் வருகிறவர்களை நம்பவும் காரணம் வேண்டும். உலு சிலாங்கூர் மாவட்டத்தின் பத்தாங் காலியில், 1948 டிசம்பர் 12 அன்று, தோட்டத்தில் வேலை செய்த ஆயுதமற்ற சீனர்கள் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பொது விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில்கூட ஏற்கவில்லை.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ரவாங்கில் இருக்கிறது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மார்ச்சில் வாட்டர்ஃபால் தோட்டத்துக்கு அருகே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். வழியில் கிடந்தது, காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்றார். நீதிமன்றம் நம்பவில்லை. இந்திய அரசு கருணை கேட்டும் பயனின்றி, மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பது வேறு வழக்கு. கிராணியும் தண்டலும் பால்வெட்டுக்காரரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய பாடம் ஒன்றுதான்: போலீஸ் பக்கம் ஒதுங்காமல் இருப்பதே நல்லது. மூன்றே வருடத்தில் அதே வட்டார மக்களிடம் வந்து, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டால் யார் குற்றம்?

இப்படிப் பார்த்தால், டெம்ப்ளர் செய்ததில் இரண்டு தனித்தனிக் காரியங்கள் இருக்கின்றன. பெயரில்லாக் கேள்வித்தாள் மக்களின் பயத்தை மதித்தது: எல்லா வீடும் தாளைத் திருப்பிக் கொடுத்ததால் எழுதியவர் யார் என்று கெரில்லாவுக்குத் தெரிய வழியில்லை. அரிசி வெட்டு அதே பயத்தைத் தண்டித்தது. கைதுகளுக்கான பெருமை முதலாவதற்குச் சேர வேண்டும். நாளேடுகளும் நினைவுக்குறிப்புகளும் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டன. தாள்களை விநியோகிக்கவும் திரட்டவும் ஊரை அடைத்து வைக்கத்தான் வேண்டியிருந்தது என்று ஒருவர் சொல்லலாம். சரி, அதற்கு ஒரு நாள் போதும். குழந்தையின் சோற்றில் கை வைக்க அது நியாயமாகாது.

பிரித்துப் பார்க்க ஒரு சோதனையும் வரலாற்றிலேயே கிடைக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பினாங்கின் பெருநிலப் பகுதியில் பெர்மாத்தாங் திங்கி என்ற சிற்றூரில் ஓர் அதிகாரி கொல்லப்பட்டார். டெம்ப்ளர் கெடு வைத்து மிரட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை. ஊரார் அறுபது பேருக்கு மேல் காவலில் வைக்கப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. கிடைத்த தகவல் பூஜ்யம். மருந்து அதேதான், அளவு அதிகம், நோய் அசையவில்லை.

1952க்குப் பிறகு தாக்குதல்கள் குறைந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இன்னொன்றையும் மறக்கிறார்கள். பொதுமக்களைத் துன்புறுத்துவதைக் குறைக்கும்படி கம்யூனிஸ்டுக் கட்சியே 1951 அக்டோபரில் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டிருந்தது. போலீஸும் மாறிக்கொண்டிருந்தது. அதன் தலைவராக இருந்த, முன்பு பாலஸ்தீனப் போலீஸை நடத்திய நிக்கல் கிரே காவலரைப் படைவீரராகவே பார்த்தவர். அவர் போய், லண்டன் நகரக் காவல் துறையிலிருந்து ஆர்தர் யங் வந்தார். காவலர்களுக்கு மறுபயிற்சி கொடுத்தார். 1952 டிசம்பரில் தொடங்கிய சேவை இயக்கத்தில், நிலையத்துக்கு வருகிறவனை மரியாதையாக நடத்து என்பதே அவருடைய முதன்மைக் கட்டளை. அலுப்பூட்டும் வேலை, இதைப் பற்றி யாரும் கதை எழுத மாட்டார்கள். ஆனால் தகவல் வருகிற பாதை அதுதான்.

என் தீர்ப்பு: தஞ்சோங் மாலிமில் வென்றது பெட்டி, அரிசி வெட்டு தேவையற்ற கொடுமை. ஊர்களைக் கூட்டாகக் காவலில் வைக்க உதவிய 17டி அவசரகால விதி டெம்ப்ளரின் ஆட்சிக் காலத்திலேயே, 1953இல், கைவிடப்பட்டது.