‘சுகப்பிரசவம்’ என்னும் சொல்லும் அறுவைவழி ஈன்ற தாயின் தன்னம்பிக்கையும்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டு மகப்பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவைவழி நிகழ்ந்தவை; இந்திய அளவில் இது 21.5 விழுக்காடு. இத்துணைத் தாய்மார் கடந்துவரும் அனுபவத்தைப் பேச்சுவழக்கு இன்னும் விலக்காகவே கருதுகிறது. இயல்புவழிப் பேற்றைச் ‘சுகப்பிரசவம்’ என்னும்போதே மற்றொன்று சுகமற்றதாகிவிடுகிறது. தாயின் பதற்றத்தை அளக்க முற்படும் ஆய்வுகள் இச்சொற்சூழலையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளில் பயிலும் ஸ்பீல்பெர்கர் அளவுகோல், சூழல்சார் பதற்றத்தையும் இயல்புசார் பதற்றத்தையும் இருபது இருபது கூற்றுகளால் தனித்தனியே அளக்கிறது. அறுவைக்கு முன் எழும் மயக்கமருந்து பற்றிய அச்சமும் குழந்தை பற்றிய கவலையும் சூழல் விளைவிப்பவை. அவை தாயின் ஆளுமைக் குறை ஆகா. முன்பே திட்டமிட்ட அறுவையையும் பேற்றுவலியினிடையே திடீரென முடிவான அறுவையையும் ஒரே தொகுதியாக்கும் ஆய்வில் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

தன்னம்பிக்கைக்கும் இது பொருந்தும். பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கை, குறித்ததொரு செயலைத் தன்னால் ஆற்றமுடியும் என்னும் உறுதியாகும். ரோசன்பர்க்கின் 1965ஆம் ஆண்டு அளவுகோல் அளப்பதோ தன்மதிப்பை. தன்னால் பாலூட்ட இயலும் என நம்பும் தாயே, ‘வலி தாங்காதவள்’ என்னும் பேச்சால் தன்மதிப்புக் குன்றியும் இருக்கலாம். முன்னதை வளர்க்கச் செவிலியரின் பயிற்சி உதவும்; பின்னதற்குக் குடும்பத்தாரின் பேச்சு மாறவேண்டும். எனவே தமிழ்ச் சூழலில் அமையும் வினாநிரல், தாயின் மனநிலையோடு அவள் செவியில் விழும் சொற்களையும் வினவுதல் இன்றியமையாதது.