கல்லும் சொல்லும்: திருகோணமலை நினைவுச் சின்னங்கள் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்க நெடுஞ்சாலைகளின் ஓரங்களில் வரலாற்றுக் குறிப்புப் பலகைகளை நாட்டும் வழக்கம் மோட்டார் வண்டிகளின் பெருக்கத்துடன் வலுப்பெற்றது. வர்ஜீனியா மாநிலம் 1927ஆம் ஆண்டில் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கிற்று. இச்சின்னங்களை ஆராய்ந்து 1999இல் நூலொன்றை வெளியிட்ட சமூகவியலாளர் ஜேம்ஸ் லோவன், ஒரு சின்னம் தான் குறிக்கும் காலத்தைவிடத் தான் நாட்டப்பட்ட காலத்தையே தெளிவாகக் காட்டுவதுண்டு என்று வாதிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றது. தோல்வியுற்ற தென்மாநிலப் படையினருக்கான சின்னங்களுட் பல, கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்ட பிந்திய தசாப்தங்களிலேயே எழுந்தன. யார் நாட்டினர், எப்பொழுது நாட்டினர், யாரை விடுத்தனர் என்னும் வினாக்களைத் திருகோணமலைக் கற்களிடமும் நாம் எழுப்புதல் தகும்.

அமெரிக்க வரலாற்றுக்கும் இத்துறைமுகத்துக்கும் நேரடித் தொடர்பொன்று உண்டு. அமெரிக்கக் கிளர்ச்சியாளருடன் ஒல்லாந்தர் நடத்திய வாணிபம், 1780 டிசம்பரில் பிரித்தானியா ஒல்லாந்தர்மீது போர் தொடுத்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று. அதன் விளைவாக 1782 ஜனவரியில் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றினர். அமெரிக்கருடன் நேசவுறவு கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர், சவ்ரன் என்னும் கடற்படைத் தலைவரின் கீழ், அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் அதைப் பறித்துக்கொண்டனர். செப்டெம்பர் 3ஆம் நாள் இத்துறைமுகத்திற்கு வெளியே நிகழ்ந்த கடற்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. சமாதானத்தின்பின் ஊர் மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. ஓராண்டுக்குள் இருமுறை கைமாறிய ஊரில் வாழ்ந்தோரின் கருத்தை எவரும் கேட்டாரல்லர். ஏகாதிபத்தியப் போட்டியில் திருகோணமலை ஒரு பகடைக்காயாகவே இருந்தது.

கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரில் 1893இல் ஒரு கல் நாட்டப்பட்டது. வெள்ளைக்காரன் மரம் எனப்பட்ட மரத்தடியில், ஆன் என்னும் கப்பலின் தலைவரான றொபேட் நொக்ஸ் 1660இல் சிறைப்பட்டார் என்றும், கண்டி மன்னன் அவரைப் பத்தொன்பது ஆண்டுகள் சிறை வைத்திருந்தான் என்றும் அது கூறுகின்றது. உண்மையில் கப்பலின் தலைவர் மூத்த நொக்ஸ். அவர் அடுத்த ஆண்டே கண்டி இராச்சியத்தில் இறந்தார். பத்தொன்பது ஆண்டுகள் அங்கிருந்து, 1679இல் தப்பி, 1681இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டவர் அதே பெயருடைய மகன். தந்தையையும் மகனையும் கல் ஒருவராக்கிவிட்டது. இப்பிழையினும் கவனத்திற்குரியது, பிரித்தானிய ஆட்சி உச்சத்திலிருந்த காலத்தில் வெள்ளையர் ஒருவரின் துன்பமே நினைவிற்குரியதாகத் தெரிவுசெய்யப்பட்டமையாகும். அக்கரையில் உழவும் மீன்பிடியும் மேற்கொண்ட தமிழ், முஸ்லிம் மக்களைப் பற்றி அக்கல்லில் ஒரு சொல்லேனும் இல்லை.

சுவாமி மலையில் 1687ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்த மொழிச் சாசனம் பொறித்த தூண் பிறிதொரு சான்று. பிரான்சினா வான் றீட் என்னும் பெண், காதலனின் கப்பல் அகலக் கண்டு குன்றிலிருந்து குதித்தாள் என்பது செவிவழிக் கதை. அவள் பின்னரும் உயிர்வாழ்ந்து மணம்புரிந்தாள் என்பதை ஒல்லாந்த ஆவணங்கள் காட்டுகின்றன. ஆயினும் பயணிகள் விரும்பிக் கேட்பது கதையையே. அச்சாசனத்தைத் தாங்கும் தூணோ, போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோணேசர் கோயிலைச் சார்ந்ததெனக் கருதப்படுவது. நிகழாத ஒரு மரணத்தைப் பேசுவோர், நிகழ்ந்த ஓர் அழிவின்மேல் நின்றுகொண்டு பேசுகின்றனர்.

அவ்வழிவுக்குச் சாட்சியம் பிரடெறிக் கோட்டை வாயிலில் உள்ளது. இணைக்கயல் சின்னத்துடன் அங்குக் காணப்படும் தமிழ்க் கல்வெட்டு சிதைந்தது. குளக்கோட்டன் திருப்பணியையும் பறங்கியரால் அதற்கு நேரும் கேட்டையும் பற்றிய பாடலாக அதனை மரபு நிறைவுசெய்கின்றது. இங்கு நாம் நிதானம் தவறலாகாது. கல்லில் எஞ்சிய எழுத்து வேறு, மக்கள் நாவில் வாழும் பாடல் வேறு. பிரான்சினா கதைக்கு ஓர் அளவுகோலும் குளக்கோட்டன் மரபுக்கு மற்றோர் அளவுகோலும் கொள்வது ஆய்வாகாது.

இவ்வினா பழங்கதை பற்றியது மட்டுமன்று. 2020 ஜூனில், கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறவில்லை. மூவினத்தவரும் வாழும் மாகாணத்தின் கடந்த காலத்தை ஓரினத்தவர் மட்டும் அடையாளமிட முனைந்தமை, காணியும் வயலும் இழக்க நேருமோ என்ற அச்சத்தை மக்களிடையே தோற்றுவித்தது. இங்கே ஒரு பலகை நிலத்தின்மீது கொள்ளும் உரிமையாகவும் மாற வல்லது.

ஆதலால் அயலார் கல்லைப் பெயர்த்து நம் கல்லை நாட்டுவது விடையாகாது; மூதூர்க் கல் அங்கேயே நிற்கட்டும். அதன் அருகில், அது நாட்டப்பட்ட சூழலையும் அதன் பிழையையும் விடுபட்ட மக்களையும் மும்மொழியிலும் எடுத்துரைக்கும் ஒரு பலகை வேண்டும். அதனை எழுதும் குழுவில் அவ்வூர் மக்களும் அமர்தல் வேண்டும். கல்லைப் போற்றுவதற்கு முன் அதனை வாசிக்கப் பழகுவதே நம் ஆய்வுலகின் உடனடிக் கடமை எனலாம்.