புட்டு மாவுப் பதம் தெரிந்தால் பாஸ்தா வரும்

பாஸ்தா மெஷின் வேண்டும் என்று கடையில் கேட்டால் இரண்டில் ஒன்றைக் காட்டுவார்கள். முதலாவது, மேசை விளிம்பில் திருகி மாட்டிக் கைப்பிடியைச் சுற்றும் வகை. இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவு புகுந்து தகடாகத் தேய்ந்து வரும். இத்தாலியில் 1930இல் தொடங்கப்பட்ட மார்க்காட்டோ நிறுவனத்தின் அட்லஸ் இந்த வகையில் பெரிய பெயர். கை வலிக்கிறது என்பவர்களுக்கு அதில் மாட்ட மோட்டாரும் தனியாக விற்கிறார்கள். இரண்டாவது வகை முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. மாவைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்தினால் அதுவே பிசைந்து, அச்சு வழியாகப் பிழிந்தும் தந்துவிடும். இங்கே பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி. மாடல் பெயர் சொல்லவில்லை. வீட்டு உபயோகத்துக்கு வரும் இந்த மெஷின்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அமைப்புதான். ஒன்றில் எடை பார்க்கும் வசதி கூடவே இருக்கும், இன்னொன்றில் அச்சுகள் இரண்டு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது எளிமையானது. தொட்டியின் நடுவே படுக்கைவாட்டில் ஒரு திருகு, அதைச் சுற்றித் துடுப்புகள். ஒரு திசையில் சுற்றும்போது பிசையும். சில நிமிடம் கழித்து எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கும். அப்போது மாவு திருகில் மாட்டி முன்னால் தள்ளப்பட்டு, வாயில் பூட்டியிருக்கும் அச்சின் துளைகள் வழியே வெளியே வரும். 250 கிராம் மாவுக்குப் பிசைவதும் பிழிவதும் சேர்த்துப் பத்து நிமிடம். மோட்டார் சுமார் 200 வாட்தான்; ஒரு யூனிட் மின்சாரத்தில் முப்பது தடவை பாஸ்தா பிழியலாம், எனவே கரன்ட் பில் பற்றிக் கவலை வேண்டாம். சத்தம் மிக்சி அளவுக்கு இல்லை. ஆனால் பிழியும் கட்டத்தில் அழுத்தம் கூடும்போது கிறீச்சென்று ஒரு முனகல் வரும். முதல் தடவை கேட்பவர்கள் மெஷின் போய்விட்டது என்றே நினைப்பார்கள். மூடி சரியாகப் பூட்டாவிட்டால் ஓடாது. ஓடும்போது கையை உள்ளே விட வழியே இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு.

இவ்வளவும் பெட்டியின் மேல் எழுதியிருக்கும். எழுதாத விஷயம் மாவின் பதம். மெஷின் வாங்கி ஏமாந்தேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் பதத்தில்தான் சறுக்கியிருப்பார்கள்.

சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைக்கு, மாவு உருண்டு திரண்டு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். இந்த மெஷினில் மாவு திரண்டுவிட்டால் வேலை கெட்டது. 250 கிராம் மாவுக்குத் தண்ணீர் 90 முதல் 95 மில்லி மட்டும். தொட்டிக்குள் பார்த்தால் பிசைந்த மாவாகவே தெரியாது. புட்டுக்கு விரவிய மாவு போல, பிடித்தால் பிடியாகவும் உதிர்த்தால் உதிரியாகவும் இருக்கும். அதுதான் சரியான பதம். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் நன்றாயிருக்குமே என்று கை துடிக்கும். விடக்கூடாது. திருகு மாவை முன்னால் தள்ளவேண்டுமானால், மாவு திருகோடு சேர்ந்து சுற்றாமல் குழாயின் சுவரைப் பற்றி நிற்கவேண்டும். இளகிய மாவு திருகில் அப்பிக்கொண்டு அதோடு சேர்ந்தே சுற்றும், முன்னால் நகராது. நகர்ந்து வெளியே வந்தாலும் இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கற்றையாகிவிடும். தண்ணீர் குறைந்தால் வேறு விதமான கோளாறு: இழையின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்து வரும், தொட்டி ஓரத்தில் மாவு பொடியாகவே தங்கிவிடும். பிசையும் கட்டத்திலேயே கண்ணால் பார்த்து, வறண்டிருந்தால் ஒரு சிறு கரண்டித் தண்ணீரும், பெரிய உருண்டைகள் தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி மாவும் சேர்த்துச் சரிக்கட்டலாம். பிழியத் தொடங்கிய பிறகு திருத்துவது சிரமம்.

கண்ணளவு வைத்துச் சமைப்பவர்கள் இதற்காக ஒரு சமையல் தராசு வாங்கியே தீரவேண்டும். பத்து மில்லி தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ இங்கே பெரிய வித்தியாசம். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நான் 5 மில்லி குறைத்தே ஊற்றுகிறேன். முட்டை சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முட்டையில் முக்கால் பங்குதான் தண்ணீர். ஆகையால் முட்டையும் தண்ணீரும் சேர்ந்த அளவு, வெறும் தண்ணீரின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். ஒரு முட்டையை அளவுக் குவளையில் உடைத்து ஊற்றி அடித்து, 100 மில்லி வரும்வரை தண்ணீர் விட்டால் 250 கிராமுக்குச் சரியாக இருக்கிறது.

என்ன மாவு என்பது அடுத்த கேள்வி. இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் என்ற கடினக் கோதுமையில்தான் செய்யவேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். கடினக் கோதுமையின் புரதம் கொதிநீரில் இழையைக் குலையாமல் பிடித்து வைத்திருக்கும். மஞ்சள் நிறமும் அந்தக் கோதுமையிலிருந்தே வருவது. நம் மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை ரவை பெரும்பாலும் சாதாரணக் கோதுமையில் உடைத்தது, அதற்கு அந்தக் குணம் இல்லை. கர்நாடகத்தில் அதிகம் புழங்கும் பன்சி ரவை டியூரம் இனத்தைச் சேர்ந்தது. சென்னையிலும் தேடினால் கிடைக்கும். அதை மிக்சியில் நைசாக அரைத்துச் சலித்து, மைதாவோடு சரிபாதி கலந்து போடுகிறேன். பல் படும்போது ஒரு எதிர்ப்பு இருக்கிறது, சாஸில் புரட்டினாலும் உடைவதில்லை. தனி மைதாவில் பாஸ்தா வழுவழுப்பாக, பார்க்க அழகாக வரும். ஆனால் ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் குழைந்துவிடும். ஆட்டா மாவில் செய்யலாம். தவிடு தண்ணீரை இழுத்துக்கொள்வதால் பத்து மில்லியாவது கூட்டவேண்டும். ருசி பாஸ்தாவாக இல்லை, கோதுமைச் சேவையாக இருக்கிறது. அதைத் தாளித்துச் சாப்பிட்டால் பிரமாதம் என்பது வேறு விஷயம். கேழ்வரகு மாவு கால் பங்கு வரை தாங்கும். அதற்கு மேல் போனால் பிடிப்புக்குக் குளூட்டன் போதாமல் இழை துண்டு துண்டாக விழும். தண்ணீருக்குப் பதில் பசலைக்கீரைச் சாறு விடலாம், ஆனால் வடிகட்டி விடுங்கள். ஒரு நார் போதும், மெல்லிய அச்சின் துளை அடைத்துக்கொள்ளும். பீட்ரூட் சாற்றின் நிறம் கொதிநீரிலேயே பாதி போய்விடுகிறது; வீடியோக்களில் காட்டும் இளஞ்சிவப்பை எதிர்பார்க்கவேண்டாம்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி? இடியாப்ப உரல் பத்தாதா?" என்று அம்மா கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான், வேலை ஒன்றுதானே. ஆனால் இடியாப்பத்துக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறுகிறோம். மாவுச்சத்து அப்போதே பாதி வெந்து இளகிவிடுகிறது, பிழிந்ததை ஆவியில் வைக்கிறோம், இழையை எதுவும் உலுக்குவதில்லை. பாஸ்தா பச்சை மாவாகவே கொதிக்கும் தண்ணீரில் விழுந்து புரளவேண்டும். அதைத் தாங்கும் அளவுக்கு இறுக்கமான மாவைக் கையால் அழுத்தினால் உரல் வளையும், மணிக்கட்டும் போகும். கை பிழியும் அளவுக்கு மாவை இளக்கினால் தண்ணீரில் கஞ்சியாகும். இந்த மெஷினுக்குக் கொடுக்கும் காசு அந்த அழுத்தத்துக்குத்தான். மறுபக்கம், முறுக்கு மாவை இதில் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். நெய் சேர்த்த மென்மையான மாவு முன்னே சொன்னபடி திருகோடு சுற்றிக்கொண்டே இருக்கும். தீபாவளிக்கு உரலையே எடுங்கள்.

வெளியே வரும் முதல் சில அங்குலம் கோணல்மாணலாக இருக்கும்; அச்சு இன்னும் சூடாகவில்லை. அதைப் பிய்த்து மீண்டும் தொட்டியில் போட்டுவிடலாம். பிறகு சீராக இறங்கும். ஸ்பகெட்டி, பென்னே, அகல நாடாவான ஃபெட்டுச்சினி, லசானியாத் தகடு ஆகிய அச்சுகள் பெரும்பாலும் கூடவே வருகின்றன. எனக்குப் பிடித்தது பென்னே. உருளை மெஷினால் குழாய் வடிவம் செய்யவே முடியாது, அது இதன் தனிச் சொத்து. அதை வெட்டுவதில்தான் சாமர்த்தியம் வேண்டும். தரும் தட்டையான பிளாஸ்டிக் கத்தியை அச்சின் முகத்தோடு ஒட்டி ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். தயங்கினால் குழாயின் வாய் மூடிக்கொள்ளும். ஸ்பகெட்டி இறங்கும்போது அரிசி மாவைத் தூவிக்கொண்டே இருங்கள். மைதா ஈரத்தில் பசையாகும், அரிசி மாவு ஆகாது. லசானியாத் தகடு பெயருக்குத்தான். குறுகலான பட்டையாக வருகிறது. ராவியோலி போலப் பூரணம் வைத்து மூடும் ஆசை இருப்பவர்களுக்கு உருளை மெஷின்தான் சரி.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இங்கேயே குறைத்துவிடலாம். பொலோன்யா நகரத்துத் தாலியாதெல்லே இதில் வராது. வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்று 1972 ஏப்ரல் 16 அன்று அந்த ஊர் வர்த்தக சபையில் அளவைப் பதிவு செய்து, தங்கத்தில் மாதிரியும் வைத்த பாஸ்தா அது. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து, ஊறவைத்து, மரப்பலகையில் நீண்ட கட்டையால் திரும்பத் திரும்பத் தேய்த்து எடுப்பது. அந்தத் தேய்ப்பில் வரும் மென்மையும் பலகையிலிருந்து ஏறும் சொரசொரப்பும் பிழிந்த பாஸ்தாவில் இல்லை. நேப்பிள்ஸ் பக்கத்து கிரன்யானோவின் உலர் பாஸ்தாவும் வராது. அங்கே வெண்கல அச்சில் பிழிந்து, மிதமான சூட்டில் மெதுவாக உலர்த்துகிறார்கள். கடித்தால் நடுவில் தெரியும் அந்த உறுதி, உலர்த்துவதில் கிடைப்பது. வீட்டு மெஷினின் அச்சு பிளாஸ்டிக். இழை பளபளவென்று வருவதால் நீர்த்த தக்காளி சாஸ் அதில் நிற்காமல் வழுக்கி ஓடுகிறது. கெட்டியான சாஸ், வெண்ணெய், பாலாடைக்கட்டி என்றால் பிரச்சினை இல்லை. வெண்கல அச்சுகளைத் தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள், விலைதான் உறைக்கும். உலர்த்தி டப்பாவில் சேர்த்து வைக்கலாம் என்ற யோசனையையும் கடலோர ஊர்க்காரர்கள் விட்டுவிடுங்கள். வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். சிறு கற்றைகளாக ஃப்ரீசரில் வைத்து, அப்படியே கொதிநீரில் போடுவதே உத்தமம்.

வேகவைக்க மூன்று நிமிடம் போதும். மெல்லிய இழை இரண்டிலேயே வெந்துவிடும். நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. எண்ணெய் ஊற்றவேண்டாம், சாஸ் ஒட்டாமல் போவதுதான் மிச்சம்.

இப்போது கழுவும் கதை. பத்து நிமிடத்தில் பாஸ்தா என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பிழிந்து முடித்ததும் திருகிலும் அச்சிலும் நெல்லிக்காய் அளவுக்குச் சற்று மேலாக மாவு தங்கும், அது வெளியே வராது. சமைத்த சூட்டோடு எல்லாவற்றையும் குழாயடியில் போட்டால், ஈரமான மாவு கோந்தாகி ஸ்பகெட்டி அச்சின் ஒவ்வொரு துளையிலும் அப்பிக்கொள்ளும். அப்புறம் பல்குச்சியோடு உட்காரவேண்டியதுதான். காயவிடுவது நல்லது. காய்ந்த மாவு தட்டினால் ஓடாக உதிரும், மீதியைத் தண்ணீரில் அலசினால் முடிந்தது. ஆனால் நம் வீடுகளில் மாவு ஒட்டிய பொருளை இரவு முழுக்கச் சமையலறை மேடையில் விட்டுவைத்தால் விடியும்போது எறும்புச் சாரியும் கரப்பானும் வந்திருக்கும். எனக்கு ஒத்துவந்த வழி ஃப்ரீசர். அச்சைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு மணி நேரம் வைத்தால் மாவு விறைத்துவிடும், கூடவே வரும் குத்துக்கருவியால் ஒரு அழுத்து அழுத்தினால் துண்டாக விழும். திருகையும் தொட்டியையும் பொறுத்தவரை, சாப்பிட்டு முடிக்கும்வரை காயவிட்டு ஒரு பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டுக் கழுவுவது போதும். எப்படிப் பார்த்தாலும் பத்து நிமிடப் பாஸ்தாவுக்குக் கால் மணி நேரக் கழுவல் உண்டு. மெஷினை யார் இயக்குகிறார்களோ அவர்களே கழுவுவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது.

செலவைப் பார்த்தால், நல்ல மிக்சியும் டேபிள்டாப் கிரைண்டரும் சேர்த்து வாங்கும் அளவுக்கு விலை இருக்கிறது. கடையில் பாஸ்தா பாக்கெட் மலிவு; மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிடைப்பது வேறு: நாம் தேர்ந்தெடுத்த மாவு, முட்டை போடலாமா வேண்டாமா என்ற முடிவு நம் கையில், மைதாவும் ஆட்டாவும் கலந்து அன்றன்றைக்குப் பிழியும் நூடுல்ஸ். அந்த நூடுல்ஸுக்காகவே எங்கள் வீட்டில் இந்த மெஷின் மேடையில் இடம்பிடித்து நிற்கிறது.

வாரம் ஒருமுறையாவது பாஸ்தாவோ நூடுல்ஸோ சமைக்கும் வீடு, மேடையில் நிரந்தரமாக வைக்க இடம் உண்டு, அளந்து போடும் பொறுமையும் உண்டு என்றால் வாங்கலாம். பரணில் ஏறினால் இறங்காது. மாதத்துக்கு ஒருநாள் ஆசைக்குச் செய்பவர்களுக்குக் கைப்பிடி உருளை மெஷினே போதும். விலை அதில் ஒரு சிறு பங்கு, கழுவவே வேண்டாம், காய்ந்த துணியால் துடைத்தால் சரி. மின்சார வகையே வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: அச்சும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா. இரண்டுக்கும் ஆம் என்று பதில் வராவிட்டால் வேறு பிராண்டைப் பாருங்கள்.