முதல் நூலைத் தேர்தல்

ஒரு நூலைப் பயிலத் தொடங்குமுன் அஃது யார்பொருட்டு இயற்றப்பட்டது என வினவுதல் நம் முன்னோர் வகுத்த நெறி. சிறப்புப்பாயிரத்தின் கூறுகளுள் 'கேட்போர்' என்பதனையும் நன்னூலார் ஒன்றாக வைத்தார். பி.டி.எஸ்.எம். எனச் சுருக்கி வழங்கப்படும் உறவுமுறையைப் பற்றிய நூல்களைத் தேர்வார்க்கு இவ்வினா இன்றியமையாதது எனக் கருதுகின்றோம். ஆள்தலும் அடங்கலும், பிணித்தலும் பிணிக்கப்படுதலும், நோவு தருதலும் ஏற்றலும் ஆகியவற்றை முதிர்ந்தோர் தம்முள் உடன்பட்டு மேற்கொள்வதே அம்முறை. அதனை அறியப் புகுவார் பெரும்பாலும் பிறர்க்கென எழுதப்பட்ட நூலிலேயே முதலடி வைக்கின்றனர்.

கிராஃப்ட்-எபிங் 1886இல் வெளியிட்ட 'சைக்கோபாதியா செக்சுவாலிஸ்' மருத்துவர்க்கும் சட்டம் வல்லார்க்கும் உரியது. பொதுமக்கள் படித்தலாகாது எனச் சில பகுதிகளை ஆசிரியர் இலத்தீனில் எழுதி மறைத்தார். 1870இல் 'வீனஸ் இம் பெல்ட்ஸ்' என்னும் புனைகதையை இயற்றிய சாக்கர்-மாசோக் உயிரோடிருந்த காலத்திலேயே, அவர் பெயரை ஒரு நோய்க்குச் சூட்டியவரும் இவரே. இந்நூலை முதல் நூலாகக் கொள்வான் தன்னை நோயாளனாகவே காண்பான். உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலோ, 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், அப்பெயரை நீக்கிவிட்டது.

2011இல் வந்த 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' காதற்கதை விரும்புவார்க்கு உரியது. அதனுள் ஒப்பந்தம் ஒன்று விரிவாக வரினும் தலைவி அதிற் கையெழுத்திடுவதில்லை. கதைக்கு அத்தயக்கம் சுவை. கற்பார்க்கு அது பாடமாகாது.

தொடக்கத்தார்க்கென்றே எழுந்தவற்றுள் ஜே வைஸ்மனின் 'எஸ்.எம். 101' முதன்மையானது என்போம். 1990களில் வெளிவந்த இந்நூலின் ஆசிரியர் முன்னர் ஆம்புலன்சிற் பணியாற்றியவர். ஆதலின் இன்பத்தினும் ஏதத்தையே அவர் மிகுதியும் எண்ணுகின்றார். உடன்பாட்டை முன்னரே பேசி முடித்தல், நிறுத்துக என்பதற்கு ஒரு சொல்லை உறுதிசெய்து கொள்ளல், கட்டுண்டாரைத் தனியே விடாமை ஆகியன அவர் நெறிகள். மூச்சை அடக்கும் செயலை ஏதமின்றிச் செய்யும் வழியே இல்லை எனப் பல்லாண்டு வாதிட்டவரும் அவரே. நடை வறண்டது, கையேட்டுக்கு அது குறையன்று. டாசி ஈஸ்டன், ஜேனட் ஹார்டி இருவரும் அடங்குவார்க்கு ஒன்றும் ஆள்வார்க்கு ஒன்றுமாக எழுதிய நூல்கள் உள்ளத்தின் கூறுகளை நன்கு காட்டுகின்றன. எனினும் அவற்றை இரண்டாவதாகப் பயிலுதலே நன்று.

ஏதம் உரைத்தல் புதிய வழக்கன்று. வடமொழிக் காமசூத்திரம் இரண்டாம் பகுதியின் ஏழாம் இயலில் கலவியின்கண் அடித்தலை வகுத்துரைக்கும் வாத்ஸ்யாயனர், சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்னும் கணிகையை அவ்வாறு அடித்துக் கொன்ற செய்தியை அவ்விடத்தேயே வைத்து, அத்தகைய அடிகளைக் கடிகின்றார். செய்தி மெய்யோ, தென்னாட்டார்மேல் ஏற்றிய பழியோ, யாம் அறியோம். கற்பிக்கும் இடத்திலேயே கொலையையும் சொன்ன ஆசிரியரின் நேர்மையை மதிக்கின்றோம். இக்காலக் கையேடுகள் பலவற்றில் அந்நேர்மை இல்லை.

பாயிரம் கூறும் மற்றொன்று 'எல்லை'. மேற்கூறிய கையேடுகள் அமெரிக்காவில் எழுந்தவை. இங்கிலாந்திலோ, உடலுக்கு ஊறு விளைவிக்கும் செயலுக்கு உடன்பாடு எதிர்வாதமாகாது எனப் பிரபுக்கள் சபை 1993இல் தீர்ப்பளித்தது. கடுமையான ஊறு குறித்து அதனை 2021ஆம் ஆண்டுச் சட்டமும் உறுதிசெய்தது. ஆங்குள்ளார் இக்கையேடுகளைப் பயிலுங்கால் அத்தீர்ப்பையும் உடன் வைத்துப் பயிலல் வேண்டும்.